தம்ளர் தண்ணீரைக் காட்டி என் தலையில் கட்டிய கடல் ஜாக்கெட்

குளிரில் பாய்மரப் படகேறப் போகிறவர்கள் துணி வாங்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். கடையின் பெயரைப் போடவில்லை. இந்த வித்தையை ஒரு கடை மட்டும் காட்டுவதில்லை என்று பிறகுதான் தெரிந்தது.

நண்பர் ஒருவர் தன் படகில் குளிர்காலப் பயணத்துக்கு என்னையும் சேர்த்துக்கொண்டார். கோடையில் அவருடன் நாலைந்து முறை போயிருக்கிறேன், குளிரில் போனதே இல்லை. "ஜாக்கெட், உள்ளே போடும் தெர்மல், பூட்ஸ் மூன்றிலும் மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதே" என்றார். பண்ணவில்லை. வயிறு எரிவதே அதனால்தான்.

கடையில் விற்பனையாளர் ஜாக்கெட்டின் கையை மேசைமேல் விரித்துப் போட்டு, ஒரு தம்ளர் தண்ணீரை மெல்லச் சாய்த்தார். தாமரை இலையில் விழுந்த மாதிரி முத்து முத்தாக உருண்டு ஓடியது. துணியைத் தூக்கி அடிப்பக்கத்தைத் தடவிப் பார்க்கச் சொன்னார். ஈரமே இல்லை. "கடலுக்கே இதைத்தான் சார் கொண்டுபோறாங்க" என்றார். நான் விழுந்தது அங்கேதான்.

அந்த முத்துக்களைக் காட்டியது துணியின் மேலே இருக்கும் நீர் ஒட்டாத பூச்சு. புதுக் குடைகூட இதே வித்தையைக் காட்டும். தண்ணீரை உண்மையில் தடுப்பது துணிக்குள் ஒட்டியிருக்கும் மெல்லிய படலமும், உட்புறம் தையல்கள்மேல் ஒட்டியிருக்கும் டேப்பும்தான். மேல்பூச்சு தேய்ந்தாலோ அழுக்கும் உப்பும் படிந்தாலோ வெளித்துணி தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். அப்போது படலம் நன்றாகவே இருந்தாலும் வியர்வை ஆவி வெளியே போக முடியாமல் உள்ளேயே நனைவோம். என் ஜாக்கெட்டில் டேப் தோளிலும் தலைமூடியிலும் மட்டும் இருந்தது. பக்கவாட்டிலும் அக்குளிலும் வெறும் தையல். உள்ளே திருப்பிப் பார்த்திருந்தால் பத்து வினாடியில் தெரிந்திருக்கும். யார் பார்த்தது?

கிளம்பிய அன்று 5 டிகிரி, காற்று மணிக்கு 30 கிலோமீட்டர். அந்தக் காற்றில் 5 டிகிரி உடம்புக்கு ஏறக்குறைய 0 டிகிரி போல உறைக்கும். முதல் ஒரு மணி நேரம் ஜோராக இருந்தது, புது ஜாக்கெட் பெருமை வேறு. அப்புறம் அலை படகின் முகப்பில் மோதிச் சிதறி எங்கள் மேலே விழ ஆரம்பித்தது. முதலில் போனது அக்குள். அடுத்தது ஜிப். சாதாரண ஜிப்தான், அதன் பின்னால் தண்ணீரைத் தடுக்கும் மடிப்பு கிடையாது. நெஞ்சில் நேர்கோடாக ஒரு குளிர் இறங்கியது. மணிக்கட்டில் வெறும் எலாஸ்டிக் மட்டும். கயிற்றை இழுக்கக் கையைத் தூக்கும்போதெல்லாம் தண்ணீர் முழங்கை வரை ஓடும். கடலுக்கென்று தைத்த ஜாக்கெட்டில் உள்ளுக்குள் இன்னொரு இறுக்கமான கைப்பட்டி இருக்கும், கழுத்துப்பட்டி கன்னம் வரை ஏறும். நண்பருடையதைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கால்சட்டை அதைவிட மோசம். "செட்டா எடுத்துக்கோங்க" என்று தள்ளிவிட்டது. உள் லேபிளில் 3000 மில்லிமீட்டர் என்று போட்டிருந்தது. அத்தனை உயரத்துக்குத் தண்ணீர் நின்று அழுத்தினாலும் கசியாது என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் படகில் முழங்காலிட்டுத்தான் பாதி வேலை. 70 கிலோ ஆள், இரண்டு முழங்காலும் சேர்த்து 100 சதுர சென்டிமீட்டர் இடத்தில் ஊன்றினால், அங்கே விழும் அழுத்தம் 7000 மில்லிமீட்டர் தண்ணீருக்குச் சமம். நனைந்த தளத்தில் நான் முழங்காலிட்ட முதல் தடவையே இரண்டு வட்டமாக ஈரம் ஊறிவிட்டது. மழையில் நடப்பவருக்கு 3000 போதும். கடலுக்கு 10,000-க்குக் கீழே இருந்தால் நான் இனி கையால் தொட மாட்டேன். முழங்காலிலும் பின்பக்கத்திலும் இரட்டைத் துணி இல்லை என்றாலும் அப்படித்தான். இடுப்போடு நிற்காமல் நெஞ்சு வரை ஏறித் தோள்பட்டியில் தொங்கும் கால்சட்டைதான் வேண்டும். குனியும்போது முதுகு திறக்காது.

இவ்வளவு நனைந்தும், உள்ளே போட்டிருந்தது நல்லதாக இருந்தால் சமாளித்திருப்பேன். "மெரினோ தெர்மல்" என்று அட்டையில் பெரிய எழுத்து. மெரினோ என்பது ஒரு வகை ஆட்டின் மெல்லிய கம்பளி. இடுப்புத் தையலில் இருந்த லேபிளைப் பிறகுதான் படித்தேன்: பருத்தி 55 சதவீதம், அக்ரிலிக் 30, மெரினோ 15. பருத்தி நனைந்தால் தோலோடு ஒட்டிக்கொள்ளும், சீக்கிரம் காயாது. தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக உடம்புச் சூட்டைக் கடத்தும். கம்பளி ஈரமானாலும் ஓரளவு சூட்டைப் பிடித்து வைக்கும். பாலியெஸ்டர் தண்ணீரைக் குடிப்பதே இல்லை எனலாம். கடற்குளிரில் உள்ளே போட இந்த இரண்டில் ஒன்றுதான். பருத்தி பனியன், ஜீன்ஸ், பருத்தி சாக்ஸ் எதுவுமே வேண்டாம்.

மூன்றாவது மணி நேரத்தில் நண்பர் போலைன் முடிச்சு போடச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு போடுவேன் என்று பீற்றிக்கொள்ளும் முடிச்சு. விரல்கள் என் பேச்சைக் கேட்கவில்லை. கயிற்று நுனியை இரண்டு முறை நழுவவிட்டேன். பல் தந்தியடித்தது. நண்பர் என் முகத்தைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் படகின் கீழறைக்கு அனுப்பினார். ஈரத்தையெல்லாம் கழற்றிவிட்டு அவருடைய பழைய கம்பளி ஸ்வெட்டரில் புகுந்து, தூக்கப் பைக்குள் கிடந்தேன். "நடுங்குகிற வரை பரவாயில்லை, குளிர் போகாமலே நடுக்கம் நின்றால்தான் எனக்குப் பயம்" என்றார் அப்புறம். உடம்பின் உட்சூடு 35 டிகிரிக்குக் கீழே போனால் அது மருத்துவ அவசரம்.

திரும்பி வந்ததும் கடைக்குப் போனேன். உத்தரவாத அட்டையைப் புரட்டி, உப்புத் தண்ணீர் பட்ட துணிக்கு உத்தரவாதம் செல்லாது என்ற வரியைக் காட்டினார்கள். கடலுக்கென்று விற்ற ஜாக்கெட்! சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

அடுத்த முறை வாங்கியபோது ஜாக்கெட்டை உள்ளே வெளியே திருப்பிப் போட்டு, ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டினேன். கடைக்காரருக்கு என்னைப் பிடிக்கவில்லை, போகட்டும். ஜிப் பிளாஸ்டிக் பல்லாக இருக்கிறதா என்றும் பார்த்தேன். உலோகப் பல் உப்பில் அரித்துச் சிக்கிக்கொள்ளும். தெர்மலுக்கும் ஜாக்கெட்டுக்கும் நடுவில் போட ஃப்ளீஸ், அதாவது பொசுபொசுவென்ற செயற்கை இழைத் துணி. இறகு அடைத்த ஜாக்கெட்டை இன்னொரு கடையில் ஆசை காட்டினார்கள், வேண்டாம் என்றேன். இறகு நனைந்தால் சுருண்டுவிடும், சூடு போய்விடும். பூட்ஸ் தடித்த சாக்ஸோடு போட்டுப் பார்த்து, விரல் அசைகிற அளவில் எடுத்தேன். இறுக்கமான பூட்ஸில் ரத்த ஓட்டம் குறைந்து கால் இன்னும் சில்லிடும்.

முதல் கடையில் கேட்ட இன்னொரு பொய்யைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். "இது இருந்தா தண்ணியில விழுந்தாலும் கவலை இல்லை" என்றார் அந்த விற்பனையாளர். விழுந்தால் கழுத்து வழியாகவும் கை வழியாகவும் எந்த ஜாக்கெட்டுக்குள்ளும் தண்ணீர் புகும். குளிர்ந்த நீரில் முதல் ஒரு நிமிடம் மூச்சே கட்டுக்குள் இருக்காது. கைகால் ஒழுங்காக வேலை செய்வது சுமார் பத்து நிமிடம். அதற்கு லைஃப் ஜாக்கெட்தான் வேண்டும், அதுவும் எல்லாத் துணிக்கும் மேலே. காற்றடைத்து விரிகிற வகையை ஜாக்கெட்டுக்கு உள்ளே போட்டால் விரியும்போது நெஞ்சை நெரிக்கும்.

பணம்? தெர்மலுக்கு மட்டும் திரும்பக் கிடைத்தது. கடையின் இணையப் பக்கத்தில் அதை "100 சதவீத மெரினோ" என்று போட்டிருந்தார்கள். வாங்கும் முன் அந்தப் பக்கத்தைத் தற்செயலாகப் படம் பிடித்து வைத்திருந்தேன். லேபிளையும் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அனுப்பினேன். மூன்றாவது மின்னஞ்சலுக்குப் பிறகு வழிக்கு வந்தார்கள். ஜாக்கெட்டும் கால்சட்டையும் அலமாரியில்தான் தொங்குகின்றன. தூறலில் கடைக்குப் போக எடுத்துக்கொள்கிறேன்.