இலையானுக்கு மருந்து அடிப்பதை நிறுத்திய பிறகு

மட்டக்களப்பில் செங்கலடிப் பக்கம் எங்கள் முட்டைக்கோழிப் பண்ணை, ஓரத்தில் சின்ன மாட்டுக்காலை. இரண்டும் ஒரே வளவில் இருந்தால் இலையான் எப்படி மொய்க்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. அயல் சனத்தின் முறைப்பாடுதான் கோழி நோயை விடப் பெரிய தலையிடி. இப்போது சில வருடமாக எருவுக்கு மருந்து அடிப்பதில்லை. வேலையைக் குளவியிடம் விட்டிருக்கிறோம்.

குளவி என்றதும் பயப்பட வேண்டாம். 2, 3 மில்லிமீற்றர்தான் இருக்கும், ஆளையும் கொட்டாது, கோழியையும் கொட்டாது. எருவுக்குள் இறங்கி இலையானின் கூட்டுப்புழுவைத் தேடிப்பிடித்து அதற்குள் முட்டை இடும். பொரிக்கும் புழு உள்ளே இருப்பதைத் தின்றே வளரும். வெளிநாடுகளில் ஸ்பலாஞ்சியா, மஸ்கிடிஃபியூராக்ஸ் வகைகளைப் பைக்கற்றில் விற்கிறார்கள். நாங்கள் ஒன்றும் வாங்கவில்லை. இதே வேலை பார்க்கும் குளவி நம் எருவிலும் தானாக இருக்கிறது, மருந்து அடித்தால் இலையானோடு சேர்ந்து அதுவும் சாகும்.

இருக்கிறதா என்று பார்க்க லேசான வழி உண்டு. கோழிக்கூட்டின் கீழே ஈர எருவும் காய்ந்த எருவும் சேரும் ஓரத்தைக் கிளறினால் நெல்லை விடச் சின்னதாகச் செங்கபிலக் கூட்டுப்புழுக் கூடுகள் கிடைக்கும். ஒரு பிடி எடுத்துப் போத்தலில் போட்டு, வாயைத் துணியால் கட்டி நிழலில் வையுங்கள். இலையான் வந்த கூட்டில் ஒரு நுனி மூடி கழன்றதுபோல் உடைந்திருக்கும். குளவி வந்த கூட்டில் ஊசியால் குத்தியது மாதிரி ஒரு சின்ன வட்ட ஓட்டை மட்டும். முதல் தடவை அந்த ஓட்டைகளைக் கண்டபோதுதான் எனக்கே நம்பிக்கை வந்தது.

ஆனால் பொறுமை வேணும். நம் சூட்டுக்கு இலையான் முட்டையிலிருந்து பறக்க 7 முதல் 10 நாள் போதும். குளவிக்குக் கிட்டத்தட்ட மூன்று கிழமை. அதனால் எருவை ஒரேயடியாக வழித்து அள்ளினால் குளவியும் போய்விடும், இலையான் மட்டும் முந்திக்கொண்டு பெருகும். ஒரு வரிசையை அள்ளினால் அடுத்ததை விடுகிறோம், அடியில் பழைய காய்ந்த எருவும் கிடக்கும். அதற்குள் இலையான் முட்டையைத் தின்னும் சிற்றுண்ணியும் கறுப்பு வண்டும் இருக்கின்றன. சிற்றுண்ணியைக் கோழிப்பேன் என்று நினைத்து மருந்து தேடி ஓடுபவர்களும் உண்டு!

கச்சான் காற்று அடிக்கும் வறண்ட காலத்தில் பிரச்சினையே இல்லை, எரு தானாகக் காயும். மாரியில்தான் சோதனை. கூரை ஒழுக்கும் தண்ணீர்க்குழாய்க் கசிவும் சேர்ந்து எரு சேறானால் எந்தக் குளவியாலும் ஈடுகொடுக்க முடியாது. அந்த நாட்களில் சீனி கலந்த இலையான் நஞ்சை எருவிலிருந்து தள்ளி, கோழிக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிடுகிறோம்.

மாட்டுக்காலையில் பலன் பாதிதான். சாணத்தைப் புதைக்கும் வண்டும், கிளறித் திரியும் நாட்டுக்கோழியும் அங்கே கூடுதலாக உதவுகின்றன. மாட்டுக்குப் புழு மருந்தான ஐவர்மெக்டின் போட்டால் அது சாணத்திலும் இறங்கி வண்டைத் தாக்கும். அதனால் மிருக வைத்தியரிடம் கேட்டே போடுகிறோம்.

எருவுக்கு மருந்து அடிக்கும் செலவு நின்றது உண்மை, அந்த மிச்சத்தில் பாதி கூரைக்கும் குழாய்க்கும் போகிறது. எரு வாங்க வருகிற தோட்டக்காரரோடுதான் இன்னும் வாக்குவாதம்: அடி எருதான் நல்ல எரு என்று மண்வெட்டியோடு அதையே அள்ளப் பார்க்கிறார்கள்.