டாஸ்மேனியாவில் கைடோடு பிரவுன் ட்ரவுட்: சில வருட அனுபவம்

டாஸ்மேனியாவில் பிரவுன் ட்ரவுட் மீனுக்காக ஃப்ளை ஃபிஷிங் (பூச்சிபோல் செய்த செயற்கை 'ஈ'யைத் தூண்டிலில் கட்டி மீன் பிடிப்பது) போகக் கைடு வைத்துக்கொள்ள வேண்டுமா என்று மெல்பர்ன் நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். சில வருடங்களாகக் கோடை வந்தால் அங்கே போய்விடுகிறேன். கைடோடும் போயிருக்கிறேன், தனியாகவும் போயிருக்கிறேன். ஏரி என்றால் கைடு கட்டாயம் வேண்டும். ஆறு என்றால் முதல் தடவைக்கு மட்டும் போதும். படகு, மதியச் சாப்பாடு, தூண்டில் சாமான் எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்குப் பல நூறு டாலர் ஆகும். அந்தக் காசுக்குக் கிடைக்கிற பெரிய பலன், தண்ணீருக்குள் மீனைப் பார்க்கக் கற்றுக்கொள்வது.

தீவின் நடுவே ஆயிரம் மீட்டர் உயரத்தில் விரிந்து கிடக்கிறது மத்தியப் பீடபூமி. அதன் மேற்குப் பகுதியில், உலகப் பாரம்பரியக் காட்டுக்குள், ஏரியும் குட்டையுமாக எண்ணிலடங்காத நீர்நிலைகள். வெஸ்டர்ன் லேக்ஸ் என்பார்கள். பல இடங்களில் முழங்கால் ஆழம்தான். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவு. வெயில் ஏறி வானம் நீலமாக இருக்கும்போது தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலராய்ட் கண்ணாடி போட்டுக்கொண்டு கரையோரமாக மெல்ல நடக்க வேண்டும். மீனைக் கண்ணால் பார்த்த பிறகுதான் தூண்டில் வீசுவது.

இந்த மீனைப் பார்ப்பது லேசில்லை. அதன் முதுகு நிறம் அடித்தரையோடு ஒட்டிப்போகும். கைடு கைநீட்டிக் காட்டும் இடத்தில் நமக்குக் கல்லும் பாசியும்தான் தெரியும். "முழு மீனைத் தேடாதீங்க, தரையில் நகர்கிற நிழலைத் தேடுங்க" என்று சொல்லித் தந்தார் ஒருவர். அதன்பின் ஒன்று தட்டுப்பட்டது. முழங்கை நீளம், கரையிலிருந்து இரண்டு எட்டு தூரம்கூட இல்லை, சாவகாசமாக வந்துகொண்டிருந்தது. சட்டென்று ஒருபக்கம் திரும்பியது. வாய் திறந்ததும் உள்ளே வெள்ளையாக ஒரு பளிச். எதையோ தின்றுவிட்டு மறுபடி தன் வழியில் போனது. அந்த வெள்ளை தெரிந்தால் மீன் பசியோடு இருக்கிறது என்று அர்த்தம். ஈயை அதன் மேல் போடக் கூடாது. அது வருகிற வழியில் இரண்டு மீட்டர் முன்னாலேயே போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். லைனின் நிழல் அதன் தலைமேல் விழுந்தால் ஒரே பாய்ச்சலில் ஆழத்துக்குப் போய்விடும். மீன் ஈயைக் கவ்வியதும் நம் கை தானாகத் தூண்டிலைத் தூக்கப் பார்க்கும். மீனின் தலை கீழே சாயும்வரை பொறுக்கச் சொல்லி நல்ல கைடு பக்கத்தில் நின்று நிதானப்படுத்துவார்.

அதே பீடபூமியில் உள்ள பெரிய ஏரியான கிரேட் லேக் வேறு மாதிரி. வெயிலை முதுகுக்குப் பின்னால் வைத்துப் படகைக் காற்றின் போக்கில் மிதக்க விடுவார்கள். எழுகிற அலையின் சரிவு ஒரு ஜன்னல்போல் ஆகி, அதற்குள் மீன் நீந்துவது தெரியும். இதற்கு அந்த ஊரில் 'ஷார்க் ஃபிஷிங்' என்றே பெயர். படகின் மூக்கு பன்னிரண்டு மணி; "பதினோரு மணி, நாற்பது அடி" என்று கைடு குரல் கொடுத்ததும் ஈ அங்கே விழ வேண்டும். வீசிப் பழகாமல் படகேறினால் காசு வீண். போவதற்கு முன் ஒரு மாதமாவது பூங்காப் புல்லில் நின்று காற்றை எதிர்த்து வீசிப் பழகுங்கள்.

ஆற்றுப் பக்கம் எனக்குப் பிடித்தது மவுண்ட் ஃபீல்ட் அருகே ஓடும் டயென்னா. ட்ரவுட் நீரோட்டத்தை எதிர்த்துத் தலைவைத்து நிற்கும். அதனால் நாம் பின்னாலிருந்து, ஓட்டத்துக்கு எதிராக ஏறிப் போகிறோம். இந்த ஒன்றும், மீன் எந்தக் கல்லுக்குப் பின்னால் ஒதுங்கும் என்பதும் பிடிபட்டுவிட்டால் அப்புறம் தனியாகவே சமாளிக்கலாம்.

எல்லாக் கைடும் ஒரே மாதிரி இல்லை. ஒருவர் காலையிலிருந்தே எத்தனை மீன் என்ற கணக்கிலேயே இருந்தார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஈயை மாற்றினார், ஏன் என்று சொல்லவே இல்லை. பதிவு செய்யும் முன் "சொல்லிக் கொடுப்பீர்களா?" என்று கேட்டுவிடுங்கள். பதில் வருகிற தோரணையிலேயே ஆள் எப்படி என்று தெரிந்துவிடும்.

பிரவுன் ட்ரவுட்டுக்குப் பூர்வீகம் ஐரோப்பா. 1864இல் இங்கிலாந்திலிருந்து 'நார்ஃபோக்' கப்பலில், பனிக்கட்டிக்கு நடுவே பாசியில் பொதிந்து முட்டைகள் வந்தன. தீவின் பிளெண்டி என்ற ஊரில் உள்ள சால்மன் பாண்ட்ஸ் மீன்பண்ணையில் பொரித்தன. நியூசிலாந்துக்கு முதல் பிரவுன் ட்ரவுட் போனதும் இங்கிருந்துதான். இப்போது தானாகவே பெருகுகிறது. இலையுதிர்காலத்தில் கிரேட் லேக் மீன்கள் லியாவெனி கால்வாயில் முட்டையிட ஏறி வரும். இதற்கு ஒரு விலையும் உண்டு. மண்ணுக்குச் சொந்தமான சின்ன கேலக்ஸியாஸ் மீன்கள் பல இடங்களில் அருகிவிட்டன. பெடர் ஏரியின் கேலக்ஸியாஸ் தன் சொந்த ஏரியிலேயே இல்லாமல் போனதற்கு ட்ரவுட்டும் ஒரு காரணம். ட்ரவுட் இல்லாத நீர்நிலைக்கு யாரும் அதைக் கொண்டுபோய்விடக் கூடாது என்பதில் நான் பார்த்த நல்ல கைடுகள் எல்லோருமே கண்டிப்பானவர்கள். அவர்கள்மேல் எனக்கு மரியாதை வந்தது இதனால்தான்.

சாமான் விஷயம் சுருக்கமாக: ஒன்பது அடி, ஆறாம் எண் ராடு (தூண்டில் கழி) ஒன்றே போதும். கோடையில் 'ரெட் டேக்' என்ற செயற்கை ஈ கைவசம் இருக்கட்டும். யூகலிப்டஸ் வண்டு தண்ணீரில் விழும் நாளில் அதை அடித்துக்கொள்ள வேறில்லை. தூண்டில் முள்ளில் பின்னோக்கி நீட்டியிருக்கும் சின்னக் கூரை நசுக்கிவிடுங்கள்; மீனை விடுவதானால் கையை நனைத்துவிட்டுத் தொடுங்கள். வேடர் (தண்ணீரில் இறங்கப் போடும் நீர்புகாக் கால்சட்டை), பூட்ஸ் எல்லாவற்றையும் கழுவி, நன்றாகக் காயவைத்துத்தான் தீவுக்குள் கொண்டுவர வேண்டும். கரைப் புதரில் டைகர் பாம்பு இருக்கும். கணுக்காலுக்கு மேல் கெய்ட்டர் (காலைச் சுற்றிக் கட்டும் தடித்த உறை) கட்டாமல் நடக்காதீர்கள். கோடையிலும் பனி கொட்டும் என்பதால் கம்பளிச் சட்டையும் மழைக்கோட்டும் பைக்குள் இருக்கட்டும்.

ஆகஸ்ட் முதல் சனிக்கிழமை சீசன் திறந்து ஏப்ரல் கடைசிவாக்கில் முடியும். ஒருசில ஏரிகளுக்கு வேறு கணக்கு. மீனைக் கண்ணால் பார்த்துப் பிடிக்க ஆசைப்பட்டால் டிசம்பர் பின்பாதி முதல் பிப்ரவரிக்குள் போங்கள். ஒரு நாளாகப் பதிவு செய்யாமல் இரண்டு நாளாகப் போடுங்கள். ஒரு நாள் மேகம் மூடினாலும் பென்ஸ்டாக் லகூன் என்ற ஏரியில், மீன் விரும்பித் தின்னும் மேஃப்ளை பூச்சி எழும்புகிறதா பார்க்கலாம். மறுநாள் வெயில் வந்தால் வெஸ்டர்ன் லேக்ஸுக்கு ஏறலாம்.