முதல் விக்கிப் பக்கத்துக்குக் காட்சித் தொகுப்பியா, மூலத் தொகுப்பியா?

தமிழ் விக்கிப்பீடியாவில் தம் ஊரைப் பற்றி ஒரு பக்கம் தொடங்க விரும்பும் புதியவர், எழுதும் முன்பே எந்தத் தொகுப்பியைத் திறப்பது என்று தயங்கி நிற்கிறார்: பக்கம் தோன்றும் வடிவிலேயே திருத்தும் காட்சித் தொகுப்பியா, குறியீடுகளை இட்டு எழுதும் மூலத் தொகுப்பியா?

கற்பதற்கு: மூலத் தொகுப்பியில் துணைத்தலைப்பின் இருபுறமும் இரட்டைச் சமக்குறியும், உள்ளிணைப்புக்கு (வேறொரு விக்கிப்பீடியா பக்கத்துக்கான இணைப்புக்கு) இரட்டைச் சதுர அடைப்பும் இட வேண்டும்.
காட்சித் தொகுப்பியில் பொத்தானை அழுத்தினால் போதும்.

சான்று சேர்க்க: என் பார்வையில் முடிவைத் தீர்மானிப்பது இதுவே, ஏனெனில் சான்றில்லாத புதுப் பக்கம் நீக்கப்படும் வாய்ப்பு மிகுதி. காட்சித் தொகுப்பியில் இணைய முகவரியை ஒட்டினால் தலைப்பும் தளப்பெயரும் பெரும்பாலும் தாமாகவே நிரம்பிவிடும். ஆயினும் அவை அரைகுறையாக வருவதும் உண்டு என்பதால் ஒருமுறை சரிபார்ப்பது நல்லது.
மூலத் தொகுப்பியிலோ, சான்று முடிவதைக் காட்டும் </ref> என்ற குறிச்சொல்லை மறந்தால் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் பிழைச்செய்தி தோன்றும். புதியவர் மிரண்டுபோவது பெரும்பாலும் இங்கேதான்.

வேகத்துக்கு: இணைப்பு மந்தமான இடங்களில் மூலத் தொகுப்பியே விரைந்து திறக்கும்.

வரம்பு: வார்ப்புருப் பக்கங்களில், அதாவது பல பக்கங்களில் மீண்டும் பயன்படும் அச்சுகளை வைத்திருக்கும் பக்கங்களில், காட்சித் தொகுப்பி இயங்காது.

ஆகவே, ஒரே ஒரு கட்டுரையைச் சான்றுகளுடன் எழுதி முடிக்க விரும்புபவருக்குக் காட்சித் தொகுப்பி ஏற்றது. ஒரே தகவற்பெட்டியை (பக்கத்தின் ஓரத்தில் முக்கிய விவரங்களைக் காட்டும் கட்டத்தை) நகலெடுத்துப் பல ஊர்களுக்குத் தொடராகப் பக்கங்கள் உருவாக்குபவருக்கு மூலத் தொகுப்பியே கைகொடுக்கும். எழுதியது அழியாமல் இடையிலேயே ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறிக்கொள்ளும் வசதியும் உண்டு.