இரண்டு கத்திரி வெயில் தாண்டிய கேரவன் ஃப்ரிட்ஜ்

"ரிடையர் ஆயாச்சு. வீட்டை ஒத்திக்கு விட்டுட்டு டிராவலர் வேனை கேரவனா மாத்திக் கிளம்பப் போறோம். எந்த ஃப்ரிட்ஜ் வாங்கலாம்ணே?" என்று கேட்ட நண்பருக்கான பதில் இது. கட்டில், சிங்க், அடுப்பு பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். மேலே திறக்கும் 40 லிட்டர், 12 வோல்ட் கம்பிரசர் ஃப்ரிட்ஜ் பற்றி மட்டும் இங்கே. வயசானவர்கள் வண்டியில் அது பாலுக்கும் மோருக்கும் மட்டுமில்லை, இன்சுலினுக்கும்தான்.

தொல்லை ஒன்றே ஒன்று. நடுராத்திரி நின்றுவிடும். விடிந்து பார்த்தால் பால் திரிந்திருக்கும், பேட்டரியிலோ பாதி சார்ஜ் மிச்சமிருக்கும். 'கம்பிரசர் போச்சு' என்று பில் போட ஆள் உண்டு, நம்பாதீர்கள். மல்டிமீட்டரை எடுங்கள். பேட்டரி முனையில் 13.1 வோல்ட். ஃப்ரிட்ஜ் சாக்கெட்டில், கம்பிரசர் கிளம்பும் நொடியில், 11.4. நடுவில் காணாமல் போனதுதான் வியாதி. எங்கள் வண்டியைக் கட்டிய பட்டறை, வீட்டு லைட்டுக்கு இழுக்கிற 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) ஒயரை 6 மீட்டர் ஓட்டி, முனையில் சிகரெட் லைட்டர் சாக்கெட்டை மாட்டிவிட்டது. வோல்டேஜ் இறங்கியதும் ஃப்ரிட்ஜ் பேட்டரியைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன்னை அணைத்துக்கொள்கிறது. லட்சக்கணக்கில் வாங்கியவர்கள் ஒயரில் மிச்சம் பிடித்ததை நினைத்தால் இப்போதும் எரிகிறது.

மாற்றும் வழி: 10 ஸ்கொயர் மல்டி ஸ்ட்ராண்ட் காப்பர் ஒயர், பிளஸ்ஸுக்கும் மைனஸுக்கும் தனித்தனியாக, நேரே பேட்டரியிலிருந்து. பாடியை எர்த்தாக நம்ப வேண்டாம். பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் 15 ஆம்பியர் ஃபியூஸ். லைட்டர் சாக்கெட்டைக் கழற்றி எறியுங்கள், வத்தலக்குண்டு தாண்டிக் கொடைக்கானல் மலை ஏறி இறங்குவதற்குள் அது ஆடிப்போகும். லித்தியம் பேட்டரியில் பிஎம்எஸ் (பேட்டரியைத் தானே காத்துக்கொள்ளும் சர்க்யூட்) இருப்பதால் ஃப்ரிட்ஜின் பேட்டரி பாதுகாப்பை, அதாவது எந்த வோல்டேஜில் அணைய வேண்டும் என்ற செட்டிங்கை, 'ஹை'யிலிருந்து 'லோ'வுக்கு மாற்றலாம். இன்வெர்ட்டர் வழியாக ஓட்டாதீர்கள். சும்மா இருக்கும்போதும் அது கரண்ட் தின்னும்.

இன்னொன்று, காற்று. சீட்டுக்கு அடியில் பெட்டி அடித்து ஃப்ரிட்ஜை உள்ளே தள்ளினால் தான் விட்ட சூட்டையே திரும்ப இழுக்கும், கம்பிரசர் ஓய்வே எடுக்காது. பெட்டியில் கீழே ஒன்று, மேலே ஒன்று என காற்றுப் போக நாலு இஞ்ச் ஓட்டைத் தட்டி (ஜாலி) வையுங்கள்.

கணக்கு இது. மதுரை சித்திரை வெயிலில் ஃப்ரிட்ஜுக்கு நாளுக்குச் சுமார் 50 ஆம்பியர் அவர் (ஒரு ஆம்பியர் ஒரு மணி நேரம் ஓடினால் ஒன்று). கரண்ட் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் எட்டு மணி நேரத்துக்கு 18. லைட்டும் பம்பும் சேர்ந்தால் 100 ஆம்பியர் அவர் பேட்டரியில் முக்கால்வாசி காலி. கூரையில் 200 வாட்ஸ் பேனல் நல்ல வெயிலில் 60 தரும், ஆனால் வேப்பமர நிழலில் நிறுத்தினால் கால்வாசிகூடத் தேறாது. வெயிலில் நிறுத்தினால் கரண்ட் இருக்கும், மனுஷன் உள்ளே இருக்க முடியாது. அதனால் வண்டி ஓடும்போது இன்ஜின் கரண்டில் பேட்டரியை ஏற்றும் 20 ஆம்பியர் டிசி டிசி சார்ஜர் கட்டாயம்: மூன்று மணி நேரம் ஓட்டினால் 60 ஏறும்.

ஃப்ரிட்ஜைக் குறை சொல்ல முடியாது. ஒயர் மாற்றியபின் ஒருநாளும் நிற்கவில்லை. சத்தம் இல்லை, மேடு பள்ளம் பார்ப்பதில்லை, 5 டிகிரி என்றால் 5தான். சுவரை ஒட்டி மட்டும் இன்சுலின் வைக்காதீர்கள், உறைந்துவிடும், உறைந்ததைப் போடக் கூடாது. துணி சுற்றிச் சின்ன டிபன் டப்பாவில், மேல் கூடையில் வையுங்கள். பிரிக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி வேண்டும்.

பத்துக்கு ஒன்பது மார்க். வாங்கலாமா என்று கேட்டால், இன்சுலின் இல்லாத வீட்டுக்கு வேண்டாம் என்பேன். பால் தினமும் வாங்கிக்கொள்ளலாம், தண்ணீருக்கு மண்பானை போதும். கத்திரி வெயிலில் எழுதுகிறேன், மார்கழியில் கேட்டுப் பாருங்கள்.