பதினொரு மாதம் பெட்டியில், ஒரு மாதம் மரத்தில்: ஃபெல்ட் தொங்கல்களோடு ஏழு வருடம்

2018-இல் எங்கள் மலையில் குறிஞ்சி பூத்தது. இனி 2030-இல்தான் என்று சொன்னதும், அப்போது மூன்றாம் வகுப்பில் இருந்த என் மகளுக்கு முகம் வாடிவிட்டது. "அப்போ நான் காலேஜ் படிச்சுட்டு இருப்பேனேம்மா" என்றாள். அவளுக்காக நீலமும் ஊதாவுமாக, ஃபெல்ட் என்கிற தடித்த மெத்தென்ற துணியில் ஒரு கொத்துப் பூ வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். டிசம்பர் வந்ததும் அந்தக் கொத்து கிறிஸ்துமஸ் மரத்தில் ஏறியது. அதிலிருந்து ஒவ்வொரு வருடமும் அக்டோபர் மழை தொடங்கினால் கத்தரிக்கோலும் ஊசி டப்பாவுமாக ஜன்னல் பக்கம் உட்கார்ந்துவிடுவேன். நட்சத்திரம், மணி, பேரிக்காய், மலைப்பூண்டு, காட்டுமாடு, குடிலுக்கு ஆட்டுக்குட்டிகள் என்று இதுவரை நூற்றுக்கு மேல் செய்திருப்பேன். கீத பவனி வரும் பிள்ளைகளுக்கும் அக்கம்பக்கத்துக்கும் கொடுத்தது போக வீட்டில் மிஞ்சியவற்றைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஒரு தொங்கல் மரத்தில் இருப்பது டிசம்பர் முதல் வாரத்திலிருந்து மூன்று ராஜாக்கள் திருநாள் வரைதான். ஜனவரி 6 தாண்டினால் பெட்டிக்குள் போய்விடும். கொடைக்கானலில் மேகம் ஜன்னல் வழியாக வீட்டுக்குள் வந்து போகும். நாயுடுபுரத்தில் எங்கள் வீட்டில் மழை மாதங்களில் செருப்பு, பெல்ட், கல்யாண ஆல்பம் எதையும் பூஞ்சணம் விடாது. ஆக, ஃபெல்ட் பொம்மைக்கு வயதாவது மரத்தில் அல்ல, அந்த இருட்டுப் பெட்டியில். இது எனக்குப் புரிய மூன்று வருடம் ஆனது. எந்தத் துணி, என்ன பஞ்சு, பசையா தையலா என்று எல்லாவற்றையும் இப்போது பெட்டியை நினைத்துத்தான் முடிவு செய்கிறேன்.

முதலில் பசை. குறிஞ்சிக் கொத்தை, பசைக்குச்சியை உருக்கி ஒட்டும் குளூ கன்னால் ஒட்டியிருந்தேன். பத்து நிமிட வேலை. மறு வருடம் பெட்டியைத் திறந்தபோது இதழ்கள் அடியில் உதிர்ந்து கிடந்தன. ஒவ்வோர் இதழின் பின்னாலும் பசை மஞ்சளாகி, நகம் மாதிரி கெட்டியாக, அப்படியே முழுசாகப் பெயர்ந்து வந்தது. அந்தப் பசை துணிக்குள் இறங்குவதில்லை, மேலே ஒரு தகடாகப் படிந்து நிற்கிறது. குளிரில் விறைத்துப் போனால் துணியோடு வளையாது, விட்டுவிடுகிறது. எங்கள் ஊரில் டிசம்பர் இரவுகள் பத்து டிகிரிக்குக் கீழே போகும். அதே 2018-இல், தையல் சரியாக வராத காலத்தில், கோணல்மாணலாகத் தைத்த சிவப்பு நட்சத்திரம் ஒன்று இருக்கிறது. இன்று வரை ஒரு நூல் விடவில்லை. அதைப் பார்த்த பிறகு கண், மூக்கு, பொட்டு வரை எல்லாமே தையல்தான். குளூ கன்னை மகளின் பள்ளி புராஜெக்டுக்கு மட்டும் எடுக்கிறோம்.

தையல் என்றால் பயப்பட வேண்டாம். சட்டைக்குக் காஜா எடுக்கும் தையலையே இடைவெளி விட்டுப் போட்டால் அதுதான் பிளாங்கெட் தையல். இரண்டு துண்டின் ஓரத்தையும் அது ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், பார்க்கவும் கரை கட்டியது போல அழகாக இருக்கும். எம்பிராய்டரி நூல் ஆறு இழையாக வரும். அதில் இரண்டு இழை பிரித்தால் போதும், பெரிய பொம்மைக்கு மூன்று. ஒரு முழத்துக்கு மேல் நூலை நீட்டி எடுத்தால் சிக்கு விழும், உரசி உரசிப் பொலிவும் போகும். முடிச்சை இரண்டு துண்டுக்கும் நடுவே உள்பக்கம் ஒளித்துவிட வேண்டும். தொங்கவிடும் கயிற்றையும் அப்படித்தான் உள்ளே விட்டு நாலு தையல் சேர்த்துப் போடுவேன். பொம்மை முதலில் பிய்வது அந்த இடத்தில்தான், குழந்தைகள் கயிற்றைப் பிடித்துத்தானே இழுக்கிறார்கள்.

இனி துணி. ஃபெல்ட் என்பது நெய்த துணி இல்லை. பாவும் கிடையாது, ஊடும் கிடையாது. அதனால் எப்படி வெட்டினாலும் ஓரம் பிரிந்து வராது, மடித்துத் தைக்கும் வேலை மிச்சம். புதிதாகத் தொடங்குபவர்களுக்கு இதைவிடத் தோதான துணி எனக்குத் தெரிந்து இல்லை. ஃபேன்ஸி கடைகளில் ஏ4 அளவில் கட்டாகக் கிடைப்பது பெரும்பாலும் பாலியஸ்டர் அல்லது அக்ரிலிக், அதாவது பிளாஸ்டிக் இழை. கம்பளி ஃபெல்ட்டை ஆன்லைனில்தான் வரவழைக்க வேண்டியிருக்கிறது, விலையும் பல மடங்கு.

பிளாஸ்டிக் இழை, கம்பளி இரண்டையும் ஐந்து வருடம் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். அக்ரிலிக் முதல் வருடம் பளிச்சென்று இருக்கும். கை பட்டுப் பட்டு இரண்டாம் வருடமே மேலே பொடிப்பொடி உருண்டையாகப் பஞ்சு திரளும். இஸ்திரிப் பெட்டியை நேராக வைத்தால் உருகிச் சுருங்கிவிடும், மேலே பருத்தித் துணி போட்டு மிதமான சூட்டில் ஒற்றித்தான் எடுக்க வேண்டும். மலிவான சிவப்பில் சாயம் வேறு போகும். ஒரு வருடம் வராந்தாவில் கட்டிய சிவப்பு வெள்ளைத் தோரணம் மூன்று நாள் மேகத்தில் நனைந்து, வெள்ளை முழுக்க ரோஸ் ஆகிவிட்டது. இப்போதெல்லாம் சிவப்பு வாங்கியதும் ஓரத்தில் ஒரு துளித் தண்ணீர் விட்டு வெள்ளைத் துணியால் ஒற்றிப் பார்க்கிறேன். கம்பளி ஃபெல்ட்டின் நிறம் அவ்வளவு பளபளப்பாக இருக்காது, ஆனால் ஐந்து வருடம் கழித்தும் தொட்டால் அதே மெத்தென்ற உடம்பு. அதற்குப் பூச்சிப் பயம் ஒன்று உண்டு, அதைப் பிறகு சொல்கிறேன். கொடுப்பதற்கும் குழந்தைகள் விளையாடுவதற்கும் பாலியஸ்டர், வீட்டில் வருடா வருடம் வைத்துக்கொள்வதற்குக் கம்பளி. என் கணக்கு இதுதான்.

உள்ளே அடைக்கும் விஷயத்தில் நான் செய்த பெரிய தப்பு, தையல்கடை வெட்டுத்துண்டுகளை நறுக்கி அடைத்தது. சும்மா கிடைக்கிறதே என்று ஆசை. பருத்தி ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். அந்த வருடப் பேரிக்காய்கள் எல்லாம் உள்ளிருந்து பூஞ்சணம் பிடித்து, வெளியே கரும்புள்ளி காட்டிய பிறகுதான் தெரிந்தது. ஒன்றையும் காப்பாற்ற முடியவில்லை. போடிப் பக்கத்து இலவம் பஞ்சும் பார்த்தேன். அது இலேசு, தண்ணீர் பிடிக்காது. அந்தக் காலத்தில் கடலில் மிதக்கும் உயிர்காப்பு அங்கிகளுக்குள் அதைத்தான் அடைத்தார்கள். ஆனால் இழை பட்டு மாதிரி வழுக்கும், தையல் இடுக்கு வழியாக வெளியே வரும், அடைத்து முடிப்பதற்குள் மூக்கு முழுக்கப் பஞ்சு. நெருக்கித் தைக்கும் பொறுமை உள்ளவர்கள் தாராளமாகப் போடலாம். நான் தலையணைக்குப் போடும் பாலியஸ்டர் பஞ்சுக்கு வந்து நின்றுவிட்டேன்.

எனக்கு மனசுக்கு நெருக்கமானது ஆட்டுக்குட்டிகள். கொடைக்கானலுக்கு மேற்கே மேல்மலையில் மன்னவனூரில் மத்திய அரசின் ஆடு ஆராய்ச்சி மையம் 1965-லிருந்து இருக்கிறது. ரோமத்துக்குப் பேர்போன பாரத் மெரினோ ஆடுகளை வளர்க்கிறார்கள். வெயில் அடிக்கும் நாளில் அந்தப் புல்வெளிச் சரிவைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். நீலகிரிக்காரர்களுக்கு அவர்கள் பெயரிலேயே ஓர் இனம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கோயம்புத்தூர் ஆட்டோடு மெரினோ, செவியட், சௌத் டவுன் ஆடுகளைக் கலந்து உருவானது அந்த நீலகிரி ஆடு. இப்படி ரோம ஆடு மேயும் மலையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் பிளாஸ்டிக் இழையில் செய்கிறோமே என்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. 2021-இல் மேல்மலையில் ஆடு வைத்திருக்கும் தெரிந்தவர் ஒருவர் ஒரு பை ரோமம் கொடுத்தனுப்பினார். தூசியும் முள்ளும் பிசுக்குமாக வந்தது.

அதைத் துணி துவைப்பது போலத் தேய்த்துக் கசக்கினேன். பாதி ரோமம் கட்டி தட்டிக் காலணிக்கு அடியில் போடும் அட்டை மாதிரி ஆகிவிட்டது. காரணம் பிறகுதான் விளங்கியது. ஆட்டு ரோமத்தின் ஒவ்வோர் இழை மேலும் நுண்ணிய செதில்கள் உண்டு. வெந்நீரும் சோப்பும் பட்டால் செதில் விரியும், தேய்க்கத் தேய்க்க ஒன்றோடொன்று மாட்டிக்கொள்ளும், மாட்டியது திரும்ப விடாது. ஃபெல்ட் உண்டாவதே அப்படித்தான். அதனால் கழுவும்போது சோப்புக் கரைத்த வெந்நீரில் அமுக்கி ஊறவைத்து, அலசாமல் தூக்கி, அடுத்த வெந்நீரில் போட வேண்டும். கை சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்.

குட்டியின் உடம்புக்கு, காய்ந்த ரோமத்தைக் கையால் பிய்த்து உதறி, மெல்லிய படலமாக ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாகச் சுற்றுவேன். சாத்துக்குடி அளவுக்கு வந்ததும் வெந்நீரில் முக்கி, இரண்டு துளி சோப்புத் தண்ணீர் விட்டு உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டத் தொடங்க வேண்டும். முதல் ஐந்து நிமிடம் அழுத்தமே கூடாது, குஞ்சைப் பிடிப்பது போலப் பிடிக்க வேண்டும். அழுத்தினால் மடிப்பு விழும், விழுந்த மடிப்பு போகாது. கொஞ்ச நேரத்தில் மேல்தோல் ஒன்று கூடுவது கைக்கே தெரியும், சலசலவென்று இருந்தது இறுகி நழுவ ஆரம்பிக்கும். அப்புறம் கொழுக்கட்டை பிடிக்கிற அழுத்தம் கொடுக்கலாம். கால் மணி நேரத்தில் எலுமிச்சை அளவுக்கு வந்துவிடும். அலசிப் பிழிந்து அடுப்பு மேடை ஓரத்தில் வைத்தால் நவம்பர் ஈரத்தில் மூன்று நாள் ஆகும் காய. மேலே காய்ந்திருக்கும், நடுவில் ஈரம் நிற்கும். கன்னத்தில் வைத்துப் பார்த்தால் குளிர்ச்சியில் தெரிந்துவிடும்.

காதும் முகமும் ஃபெல்ட் ஊசியால் செய்வது. அந்த ஊசியின் முனைப்பக்கம் நுண்ணிய கொக்கிகள் இருக்கும், குத்தக் குத்த ரோமத்தை உள்ளே இழுத்துக் கோர்த்துவிடும். எண் கூடக் கூட ஊசி மெலியும்: 36 உருவம் பிடிக்க, 38 பொது வேலைக்கு, 40 கடைசி நுணுக்கத்துக்கு. ஒன்றுதான் வாங்க முடியும் என்றால் 38. நேராகக் குத்தி நேராக எடுக்க வேண்டும், சாய்த்தால் முறியும். அடியில் வைக்க, சாக்குத் துணியில் அரிசி நிரப்பித் தைத்த ஒரு சின்ன மூட்டை போதும். ஸ்பாஞ்சு ஒரு சீசனில் பொடியாக உதிர்ந்துவிடுகிறது, மூட்டை நாலு வருடமாக உழைக்கிறது. சின்னப் பிள்ளைகளிடம் இந்த ஊசியைக் கொடுக்காதீர்கள். விரலில் ஏறினால் அந்தக் கொக்கி சதையையும் பிடிக்கும்.

இப்போது பூச்சி. 2022 டிசம்பரில் பெட்டியைத் திறந்தால் இரண்டு குட்டிகளுக்கு முதுகில் சொட்டை, மூன்றாவதற்கு மூக்கே இல்லை. பக்கத்தில் மணல் மாதிரி எச்சம், மெல்லிய நூலாம்படை. அதே பெட்டியில் இருந்த பாலியஸ்டர் நட்சத்திரங்களை அது தொடவில்லை. அந்துப்பூச்சியின் புழுவுக்கு வேண்டியது ரோமத்தில் இருக்கும் கெரட்டின் என்கிற புரதம், பிளாஸ்டிக்கில் அதற்கு என்ன கிடைக்கும்? அத்தை அன்றைக்குச் சொன்னார், "கம்பளியைப் பெட்டியில வச்சு மறந்துட்டா பூச்சிக்குத்தான் விருந்து. நடுவுல ஒரு தடவை வெயில் காட்டும்மா." நீலகிரித் தைலம் நனைத்த பஞ்சு வைத்தேன். வாசனை நன்றாக இருந்தது, ஆனால் உள்ளே இருக்கும் புழு அதற்குச் சாவதில்லை. துணியில் பட்ட இடத்தில் எண்ணெய்க் கறையும் விழுந்தது. அந்துருண்டையை வீட்டில் குழந்தை இருப்பதால் நான் வைப்பதில்லை.

இப்போது பழக்கம் இது. ஜனவரி, பிப்ரவரியில் வானம் தெளிந்திருக்கும்போது எல்லாவற்றையும் மென்மையான பிரஷ்ஷால் தட்டி, இரண்டு நாள் வெயிலில் போடுவேன். கம்பளிப் பொம்மைகளை மட்டும் காற்றுப் போகாத பாலித்தீன் பையில் கட்டி ஃப்ரீசரில் மைனஸ் 18 டிகிரியில் இரண்டு வாரம். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காமல் ஒரு நாள் விட வேண்டும், இல்லாவிட்டால் பொம்மை மேல் வியர்த்து ஈரமாகிவிடும். பிறகு பழைய வேட்டித் துண்டில் ஒவ்வொன்றாகச் சுற்றி, மூடி இறுக்கமான டப்பாவில், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு. அட்டைப்பெட்டியை விட்டுவிட்டேன், அதுவே ஈரத்தைக் குடிக்கிறது. ஆகஸ்டில் நல்ல வெயில் வரும் ஒரு நாள் பார்த்து மறுபடி திறந்து உதறுவேன். இரண்டு வருடமாகப் பூச்சி இல்லை. ஃப்ரீசருக்கு இன்னொரு உபயோகமும் உண்டு. நாங்கள் மரமாக வைப்பது மணல் வாளியில் நட்ட சைப்ரஸ் கிளை. அதன் பிசின் பொம்மையில் ஒட்டினால் தேய்க்காதீர்கள். குளிரில் விறைக்க விட்டால் நகத்தால் பெயர்த்து எடுத்துவிடலாம்.

கருவிகள் அதிகம் வேண்டாம். துணிக்கென்று தனிக் கத்தரிக்கோல் ஒன்று, அதில் காகிதம் வெட்டவே கூடாது. சாணை பிடிப்பவர் தெருவில் வரும்போது வருடம் ஒரு தடவை கொடுத்துவிடுவேன். அச்சுக்குப் பழைய எக்ஸ்ரே ஃபிலிம். அத்தையின் முழங்கால் எக்ஸ்ரேயில் வெட்டிய நட்சத்திரமும் பேரிக்காயும் இன்னும் முனை மழுங்காமல் இருக்கின்றன. ஃபெல்ட்டில் பென்சில் பிடிக்காது, தையல் சாக்கட்டிதான் சரி.

இந்த ஜனவரியில் பெட்டி கட்டும்போது, மூக்கில்லாத அந்தக் குட்டியை மகள் கையில் எடுத்தாள். 2021 பையில் மிச்சமிருந்த ரோமத்தில் ஒரு சிட்டிகை பிய்த்து, 38 ஊசியால் அவளே குத்தி மூக்கு வைத்தாள். பழைய ரோமம் மங்கலாகியிருந்தது, புது மூக்கு வெள்ளையாகத் துருத்திக்கொண்டு நின்றது. கொஞ்சம் குறைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், அடுத்த வருஷம் அதுவும் மங்கிடும் என்று சொல்லி வேட்டித் துண்டில் சுற்றி வைத்துவிட்டாள்.