காரைக்குடி வீட்டில் ஒரு மேசை ஓவன்: நனிசைவ நொறுக்குத் தீனிக்கு எவ்வளவு தூரம் கைகொடுக்கிறது?

மலேசியாவிலிருந்து பெரியப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் ஒரு சதுரத் தகர டின் நிறைய சீஸ் பிஸ்கட் வரும்; ஆளுக்கு நான்கு என்று எண்ணித்தான் கொடுப்பார்கள். அதுவும், பள்ளிவிட்டு வரும் வழியில் பேக்கரியில் காகிதத்தில் பொட்டலம் கட்டித் தரும் ஓம உப்பு பிஸ்கட்டும், ஆயா (பாட்டி) வீட்டு இரண்டாங்கட்டில் பொரிக்கும் சீப்புச் சீடையுமே என் சிறுவயது நொறுக்குத் தீனி. என் மகள் பால், தயிர், நெய், வெண்ணெய் அனைத்தையும் விட்டு நனிசைவத்துக்கு மாறிய பிறகு, இந்த மூன்றையும் அவள் சாப்பிடும் வகையிலும் மைதாவையும் பொரிக்கும் எண்ணெயையும் குறைத்தும் வீட்டிலேயே செய்ய விரும்பினேன். அதற்காகவே 28 லிட்டர் கொள்ளளவுள்ள மேசை ஓவன் ஒன்றைக் காரைக்குடியில் வாங்கினேன். எட்டு மாதங்களாக வாரம் ஒருமுறையாவது பயன்படுத்திய அனுபவத்தில் இதை எழுதுகிறேன்.

வாங்கும் முன் யாரும் சொல்லாத ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இந்த ஓவன் 1,500 வாட் மின்சாரம் எடுக்கிறது. 230 வோல்ட்டில் அது ஆறரை ஆம்பியருக்குச் சற்றே மேல். எங்களுடையதைப் போன்ற பழைய வீடுகளின் சமையலறையில் மிக்சிக்குப் போட்ட 6 ஆம்பியர் பிளக்தான் இருக்கும், அதில் இதைச் செருகக் கூடாது. எலக்ட்ரீசியனை அழைத்து 16 ஆம்பியர் பாயின்ட் தனியாக இழுத்த பிறகே எங்களால் ஓவனைப் போட முடிந்தது.

அடுத்த குறை வெப்பநிலை. திருகில் 180 டிகிரி வைத்தால் உள்ளே 205 வரை ஏறுகிறது என்பது, இரண்டு தட்டு பிஸ்கட் கருகிய பிறகு தனியாக ஒரு ஓவன் தெர்மாமீட்டர் வாங்கி உள்ளே தொங்கவிட்டபோதுதான் தெரிந்தது. கேக்குக்கு இந்த வேறுபாடு ஒருவேளை பொறுக்கும். இரண்டு மில்லிமீட்டர் கனமுள்ள பிஸ்கட்டுக்குப் பொறுக்காது, பொன்னிறத்துக்கும் கருகலுக்கும் இடையே இரண்டு நிமிடம்கூட இல்லை. பின்புற மூலைகள் முதலில் சிவப்பதால் பாதி நேரத்தில் தட்டைத் திருப்பி வைப்பதும் கட்டாயம்.

இவ்விரண்டையும் சரிசெய்த பிறகு இந்த ஓவன் எனக்குத் தந்த மகிழ்ச்சி சீஸ் பிஸ்கட்டில்தான் தொடங்கியது. முக்கால் பங்கு கோதுமை மாவும் கால் பங்கு கவுனி அரிசி மாவும் சேர்த்துக்கொண்டேன். பர்மாவிலிருந்து நகரத்தார் கொண்டுவந்ததாகச் சொல்லப்படும் அந்தக் கறுப்பு அரிசியில், கோதுமை மாவை விண்டுவிடாமல் பிடித்துவைக்கும் குளுட்டன் என்ற புரதம் இல்லாததால் அதற்குமேல் சேர்த்தால் தேய்க்கும்போதே விண்டுவிடுகிறது. சீஸ் சுவைக்கு நியூட்ரிஷனல் ஈஸ்ட் என்ற மஞ்சள் செதில் இரண்டு மேசைக்கரண்டி. ரொட்டியை உப்ப வைக்கும் அதே ஈஸ்ட்டைச் சூடேற்றிச் செயலிழக்கச் செய்தது இது, குளுட்டமேட் என்ற சுவை தரும் பொருள் இயல்பாகவே நிறைந்திருப்பதால் முதிர்ந்த சீஸின் சுவையை நெருங்குகிறது. (இதில் வைட்டமின் பி12 சேர்க்கப்பட்டிருந்தால் உறையில் குறிப்பிட்டிருப்பார்கள், எல்லாத் தயாரிப்பிலும் அது இருப்பதில்லை என்பதை நனிசைவர்கள் கவனிக்க வேண்டும்.) முதல் முறை ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டதும் ஊதா நிற மாவு என் கண்முன்னே சாம்பல் பூத்த நீலமாக மாறியது. கவுனியின் தவிட்டிலுள்ள நிறமி சோடா போன்ற காரப்பொருளில் நீலமாகும், புளிப்பில் சிவக்கும் என்பதால், அடுத்த முறை சோடாவை விட்டுவிட்டு அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தேன். மாவு நாவற்பழச் சாறு தெளித்ததுபோல் சிவந்தது. மெல்லியதாகத் தேய்த்து, சதுரமாக வெட்டி, முள்கரண்டியால் குத்தி, உள்வெப்பம் 170 டிகிரியில் 16 நிமிடம். பிறகு ஓவனை அணைத்துக் கதவைச் சற்றே திறந்துவைத்து 20 நிமிடம் உள்ளேயே விட்டால்தான் நடுவிலுள்ள ஈரம் வற்றி, ஒடிக்கும்போது சத்தம் கேட்கிறது.

கொழுப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் நனிசைவம் என்றாலே உடலுக்கு நல்லது என்று பலரும் நம்பிவிடுகிறார்கள். அந்நாளைய பேக்கரி உப்பு பிஸ்கட்டில் இருந்த வனஸ்பதியும் தாவரக் கொழுப்புதான். அதிலிருந்த டிரான்ஸ் கொழுப்பு இதயத்துக்குக் கேடு என்பதாலேயே 2022 ஜனவரி முதல் அக்கொழுப்பின் அளவை 2 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியிருக்கிறார்கள். வெண்ணெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெய் சேர்த்தால் மொறுமொறுப்பு வருகிறது, ஆனால் நிறைவுற்ற கொழுப்பு வெண்ணெயில் ஏறக்குறைய பாதி என்றால் தேங்காய் எண்ணெயில் 80 சதவீதத்துக்கும் மேல். ஆகவே நான் செக்கு நல்லெண்ணெயையே பயன்படுத்துகிறேன். வெண்ணெயில் ஆறில் ஒரு பங்கு நீர் என்பதால், எண்ணெயை அதைவிடக் குறைவாகவே ஊற்ற வேண்டும். நல்லெண்ணெய் வாசம் ஓம பிஸ்கட்டுக்கு அவ்வளவு பொருந்துகிறது. பேக்கரியில் வாங்கியதைவிட இதுவே மேல் என்று தயங்காமல் சொல்வேன். ஊறவைத்த கடலைப்பருப்பு போட்ட தட்டையும், இருபுறமும் எண்ணெய் தடவித் திருப்பிப் போட்டால் நன்றாகவே வருகிறது.

சீப்புச் சீடை மட்டும் வரவில்லை. மூன்று முறை முயன்றேன். அரிசி மாவும் உளுந்து மாவும் கலந்து, வரிவிழ அச்சில் பிழிந்து, விரலில் சுற்றி ஒட்டிய சீடையைச் சூடான எண்ணெயில் போட்டால், உள்ளிருக்கும் ஈரம் சட்டென்று ஆவியாகி நுண்துளைகளை விட்டுச் செல்லும். அதனால்தான் அது வாயில் கரைகிறது. ஓவனின் காற்று மெதுவாகச் சூடேற்றுவதால் மேற்பரப்பு முதலில் காய்ந்து இறுகிவிடுகிறது, உள்மடிப்பு வெளுத்துக் கல்லாகிறது. என் தாயார் ஒன்றைக் கடித்துப் பார்த்துவிட்டு, "இது பொரிஞ்ச சீடை இல்ல ஆத்தா, காஞ்ச சீடை" என்று பேத்தியிடம் சொன்னார். வெண்ணெய்க்குப் பதிலாகக் கெட்டியான முதல் தேங்காய்ப்பாலைச் சற்றே கூடுதலாக ஊற்றிப் பிசையச் சொன்னவரும் அவர்தான். அந்த மாவைக் கடலை எண்ணெயில் பொரித்தபோது வெண்ணெய் இல்லாத குறையே தெரியவில்லை. சீடையை இப்போது பொரித்துத்தான் செய்கிறோம், மாதம் ஒருமுறை, சிறிய அளவில்.

தட்டையாகத் தேய்க்கும் பிஸ்கட் வகைகளை அடிக்கடி செய்யும் குடும்பத்துக்கு இந்த ஓவன் தாராளமாக ஏற்றது. முறுக்கு, சீடை, தேன்குழலுக்காக மட்டும் வாங்க நினைப்பவர்கள் வாங்க வேண்டாம். வாங்குபவர்கள் தெர்மாமீட்டரையும் அன்றே சேர்த்து வாங்கிவிடுங்கள். ஐப்பசி மழையில் பிஸ்கட் மூன்றாம் நாளே நமுத்துவிட்டால், 140 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து எடுத்து, நன்கு ஆறிய பிறகு எவர்சில்வர் சம்படத்தில் போட்டு மூடுங்கள்.