“இந்திய லைசென்ஸ் போதும்” என்பவரிடம் கார் எடுக்காதீர்கள்

கடந்த விடுமுறைக்கு என் பெரியப்பாவின் மகன் நீலகிரியின் கோத்தகிரியிலிருந்து குடும்பத்துடன் இலங்கை மலையகத்தின் ஹட்டனுக்கு வந்திருந்தார். மலையகத் தமிழர் பலரை இந்தியாவுக்கு அனுப்ப வழிசெய்த 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் இந்தியா போன குடும்பம் அது. தகப்பன் பிறந்த லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீட்டைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்பது அண்ணனின் நெடுநாள் ஆசை. நீலகிரி வளைவுகளில் இருபது வருடம் ஓட்டியவர், இங்கும் வாகனங்கள் இடப்பக்கமே செல்வதால் தாமே ஓட்டலாம் என்று கண்டியில் ஒருவரிடம் சிறிய ஓட்டோமெட்டிக் கார் ஒன்றை வாடகைக்கு எடுத்தார். ஐம்பதாயிரம் ரூபாய் முற்பணம் வாங்கிக்கொண்ட அந்த மனிதர், “இந்திய லைசென்ஸ் போதும், பொலிஸ் மறித்தால் நண்பரின் கார் என்று சொல்லுங்கள்” என்றார். அந்தச் சொல்லிலேயே நாங்கள் விழித்திருக்க வேண்டும்.

மூன்றாம் நாள் நுவரெலியாவிலிருந்து திரும்பும்போது, கைப்பேசி காட்டிய வழியே நானுஓயாவிலிருந்து ரதல்லைக்கு இறங்கும் குறுக்கு வீதியில் அண்ணன் திரும்பினார். மலையகத்தவருக்கு அந்த வீதியைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. செங்குத்தான அவ்விறக்கத்தில் 2023 ஜனவரியில் பாடசாலை மாணவர்களை ஏற்றி வந்த பேருந்தொன்று வேனிலும் முச்சக்கரவண்டியிலும் மோதி ஏழு பேர் உயிரிழந்தார்கள். வெளிநாட்டிலிருந்து வருபவருக்கு இதைக் கைப்பேசி சொல்லாது. லிந்துலை, தலவாக்கலை வழியான பிரதான வீதி நீளமானாலும் அதிலேயே வாருங்கள்.

பாதி இறக்கத்தில் கருகல் வாடை வந்தது. அடுத்த வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. அண்ணன் காரை மலைப்பக்க மண்திட்டில் சாய்த்து நிறுத்தினார். மறுபக்கம் பள்ளம், பின் இருக்கையில் இரண்டு பிள்ளைகள். யாருக்கும் காயமில்லை என்பதை இன்றும் கடவுளின் கருணையாகவே நினைக்கிறேன்.

கராஜில் சக்கரத்தைக் கழற்றியபோது பிரேக் பேட் இரும்பு தெரியும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. அண்ணன் தாழ்ந்த கியருக்கு மாற்றாமல் பிரேக்கை மட்டும் நம்பி இறங்கியதும் தவறுதான். ஓட்டோமெட்டிக் காரிலும் இறக்கத்தில் ‘L’ என்ற தாழ்ந்த கியருக்கு மாற்ற வேண்டும் என்பது அவருக்குத் தெரியாது, கார் கொடுத்தவரும் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பேட்டுடன் ஒரு வாகனத்தை மலைக்கு அனுப்பியது மன்னிக்க முடியாத செயல்.

அதன் பிறகே முழு ஏமாற்றும் வெளிப்பட்டது. இந்தியாவில் பெற்ற சர்வதேச அனுமதிப்பத்திரம் அண்ணனிடம் இருந்தாலும், அதைக் கொழும்பிலுள்ள இலங்கை ஆட்டோமொபைல் சங்கத்தில் காட்டி அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். இல்லையேல் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் தற்காலிக அனுமதியாவது வேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்திலேயே அதற்கான கருமபீடம் இயங்குகிறது. விமானத்திலிருந்து இறங்கியதும் முடித்திருக்கக்கூடிய வேலை. வாகனத்தின் காப்புறுதியோ சொந்தப் பாவனைக்கு மட்டுமே எடுக்கப்பட்டிருந்தது. வாடகைக்கு விட்டதால் நட்டஈடு இல்லை என்று காப்புறுதியாளர் மறுத்தார். நண்பரின் கார் என்று சொல்லச் சொன்னதன் காரணம் அப்போதுதான் விளங்கியது.

அந்த மனிதர் முற்பணத்தைத் திருப்பித் தரவில்லை. கார் கராஜில் நின்ற நாட்களுக்கும் வாடகை கேட்டு, தராவிட்டால் விமான நிலையத்தில் தடுப்பேன் என்று மிரட்டினார். எழுத்து ஒப்பந்தம் இல்லாததால் நாங்கள் கொடுத்த முறைப்பாடு இன்னும் நகரவில்லை.

ஆகவே, சாவியை வாங்குமுன் காப்புறுதிப் பத்திரத்தைக் கையில் வாங்கி, வாடகைப் பாவனை என்று அதில் இருக்கிறதா என வாசியுங்கள். வாகனத்துக்கு ஆண்டுதோறும் எடுக்கும் வருமான அனுமதிப்பத்திரத்தின் திகதியைப் பாருங்கள். முற்பணத்துக்குப் பற்றுச்சீட்டுக் கேளுங்கள். சமதரையில் அல்ல, ஓர் இறக்கத்தில் ஓட்டிப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள். 2025 நவம்பரில் டித்வா புயலின் மண்சரிவுகள் இம்மலைப் பாதைகளைப் பல இடங்களில் சிதைத்தன. மழை நாளில் உள்ளூராரிடம் கேட்காமல் புறப்பட வேண்டாம்.

இதை இப்போது எழுதக் காரணம், அதே காரை நேற்று முகநூல் விளம்பரத்தில் கண்டேன். நெளிந்த கதவுக்குப் புதுப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். கீழே “இந்திய லைசென்ஸ் போதும்” என்ற அதே வரி இருக்கிறது.